நாளைக்கு ஒரு வேலை

ஈரத் துணியால் அப்பாவின் வலது கையைத் துடைத்துக்கொண்டிருந்த மகள் பாதியில் நிறுத்தினாள்.

"அம்மா, விரல் இடுக்குல இதென்ன வெள்ளையா?"

"பவுடரா இருக்கும். நேத்து போட்டுவிட்டேன்."

அம்மா கிட்டே போய்ப் பார்க்கவில்லை. அவள் நினைப்பெல்லாம் கார் ஷெட்டில் கிடந்தது.

வீடு வீடாக மீட்டர் ரீடிங் எடுக்கும் வேலையிலிருந்து ஓய்வு பெற்ற கையோடு, கோழிகள் குடும்பம் நடத்திக்கொண்டிருந்த ஒரு பழைய காரை அவர் வாங்கி இழுத்துவந்தார். ஒன்பது வருஷம் தன்னந்தனியாக அதோடு மல்லுக்கட்டினார். அடித்தகடு துருவேறி அப்பளமாக நொறுங்கிய வருஷம் மனசு விட்டுப்போய், ஷெட்டைப் பூட்டிவிட்டு நாலு மாதம் அந்தப் பக்கம் தலைவைத்துப் படுக்கவில்லை. அப்புறம்தான் ஒரு வழக்கத்தைப் பிடித்தார். எந்த வேலையையும் சாயங்காலம் முழுசாக முடிக்க மாட்டார். ஒரு திருகாவது மிச்சம் வைப்பார். பள்ளிக்கூடத்தில் கழித்துப்போட்ட ஆளுயரக் கரும்பலகை ஒன்று ஷெட்டுச் சுவரில் சாய்ந்து நின்றது. அதில் 'நாளை' என்று போட்டு, அந்த மிச்சத்தை எழுதிவிட்டுத்தான் கை கழுவுவார். காலையில் அதை முடித்துக் கோடு போடுவார்.

"பலகை காலியா இருந்தா எந்திரிக்கவே தோணாதுடி" என்பார்.

இருபது நாளுக்கு முன்னால் அவருக்கு இடுப்புக்குக் கீழே செயலற்று விழுந்துவிட்டது. பலகை அம்மாவின் பொறுப்புக்கு வந்தது. காரைப் பற்றி அவளுக்கு ஆனா ஆவன்னா தெரியாது. 'இடது விளக்குத் திருகு' என்று வாய்க்கு வந்ததை எழுதிவிட்டு வந்து படித்துக் காட்டுவாள்.

"அதை முடிச்சு மூணு வருஷமாச்சு, மேஸ்திரி" என்று அவர் சிரிப்பார். சிரித்துவிட்டு மறுநாள் கண் விழிப்பார். அவளுக்கு அது போதும்.

நேற்று மாலை பலகை நிறைந்துவிட்டதென்று எல்லாவற்றையும் ஈரத்துணியால் அழித்தாள். புதிதாக எழுதுவதற்குள் உள்ளே அவர் இருமினார். ஷெட்டைப் பூட்டிக்கொண்டு ஓடினாள். மாத்திரை, தண்ணீர், தலையணை.

"இன்னிக்கு என்ன எழுதினே?"

"இனிமேதான் எழுதணும்" என்றாள்.

எழுதப் போவதற்குள் அவள் அசந்து தூங்கிவிட்டாள். விடிந்தபோது அவர் எழவில்லை.

டாக்டர் வந்து இதயம் என்றார். அவளுக்குத்தான் தெரியும், பலகை என்று. பெற்ற மகளிடம்கூட அதைச் சொல்ல வாய் வரவில்லை.

அவருடைய தம்பி வாசலிலிருந்து வந்தார். "அண்ணி, முன்பக்கப் படியில ஸ்ட்ரெச்சர் திரும்பாதாம். ஷெட் வழியாத்தான் எடுக்கணும். காரைத் தெருவுல தள்ளி நிறுத்திடறோம். சாவி குடுங்க."

அவளுக்குத் தூக்கிவாரிப்போட்டது. தம்பிக்கும் அந்தப் பலகையின் கதை தெரியும். அது காலியாக நிற்பதை அவர் பார்க்கக் கூடாது.

"நானே திறக்கறேன். அஞ்சு நிமிஷம் கழிச்சு வாங்க."

இருப்பது ஒரே சாவி. ராத்திரி முழுக்க அவள் இடுப்பில்தான் இருந்தது. பூட்டு பூட்டியபடியே தொங்கியது. திறந்து உள்ளே போனாள். எதையாவது கிறுக்கிவைத்துவிடலாம் என்று சாக்பீஸ் டப்பாவுக்குள் கையை விட்டாள். டப்பா காலி.

சாக்பீஸ் தரையில் உடைந்து கிடந்தது. குனிந்தவள் அப்படியே நின்றுவிட்டாள்.

பலகையின் மேல்பகுதி அவள் துடைத்தபடி கறுப்பாகவே இருந்தது. கீழே, அவள் முழங்கால் உயரத்தில், ஒரு வரி.

'நாளை: மேஸ்திரி ஸ்டியரிங் பிடிக்கணும். தள்ள நான் இருக்கேன்.'

மீட்டர் அட்டையில் எழுதி எழுதிச் சாய்ந்துபோன அதே கையெழுத்து. தரையில் உட்கார்ந்து எழுதினால்தான் அந்த உயரத்தில் வரும். ஒருக்களித்துப் படுக்கவே ஆள் வேண்டியிருந்த மனுஷன். நேற்று அவருக்குப் பவுடரே போடவில்லை என்பது அவளுக்கு இப்போதுதான் நினைவு வந்தது.

அவளுக்குப் பயம்தான். அந்தப் பயத்துக்குள்ளேயே நெஞ்சிலிருந்து ஒரு பாரம் இறங்கியது. அப்படி இறங்கியது அவளை இன்னும் பயமுறுத்தியது.

தம்பி, மருமகன், ஸ்ட்ரெச்சரோடு வந்த வேன் டிரைவர் மூவரும் வந்தார்கள். அவள் அந்த வரியைப் புடவையால் மறைத்து நின்றாள். மூவரும் தம் பிடித்துத் தள்ளினார்கள். வண்டி இம்மியும் நகரவில்லை.

"ஸ்டியரிங்கை யாராச்சும் பிடிக்கணும்" என்றார் டிரைவர்.

"நான் பிடிக்கறேன்."

"அத்தை, உங்களுக்கு ஓட்டத் தெரியாதே?"

"பிடிக்கத் தெரியும்."

ஒன்பது வருஷத்தில் அவள் அந்த இருக்கையில் உட்கார்ந்ததே இல்லை. ஸ்டியரிங் சில்லென்றிருந்தது. "தள்ளுங்க" என்றாள்.

வண்டி வழுக்கிக்கொண்டு கிளம்பியது.

"என்ன அண்ணி இது, இப்பதானே அடம் பிடிச்சுது?" என்று பின்னாலிருந்து தம்பி கத்தினார்.

எதிரே பின்பக்கத்தைக் காட்டும் சின்னக் கண்ணாடி தொங்கியது. அதைப் பார்க்கச் சொல்லி மனசு நச்சரித்தது. அவள் தெருவையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஓரமாக நிறுத்திவிட்டு ஆண்கள் ஸ்ட்ரெச்சருக்குப் போனார்கள். அவள் இறங்கிப் பின்பக்கம் வந்தபோது மகள் அங்கே நின்றாள். கையில் அந்த ஈரத் துணி அப்படியே இருந்தது.

வண்டியின் பின்னால் படிந்திருந்த இருபது நாள் தூசியில் மூன்று பேரின் ஆறு உள்ளங்கைகள் வரிசையாகப் பதிந்திருந்தன. அவற்றுக்கு வெகு கீழே, பம்பரை ஒட்டி, இன்னும் இரண்டு. அவை வெள்ளையாக இருந்தன.

மகள் குனிந்து அவற்றைப் பார்த்தாள். பிறகு கேட்டாள். "துடைச்சிடட்டுமாம்மா?"

"வேண்டாம்" என்று துணியை வாங்கிக்கொண்டாள் அவள். "அது நாளைக்கு."