ஒடுக்கிச் சாய்த்த மாப்பிள்ளை

எங்கள் ஊரில் கல்யாண பேனரில் பெயரின் எழுத்து எப்படி இருக்கிறதோ, ஆளும் அன்றைக்கு அப்படியே இருக்க வேண்டும். என் கல்யாணத்தன்று காலையில் நான் ஒல்லியாக, உயரமாக, ஒரு பக்கம் சாய்ந்து எழுந்தேன். வேட்டி என்னைச் சுற்றிச் சுற்றி அலுத்துப்போனது.

பேனர் கடைக்குப் போனேன். ஷட்டர் மூடியிருந்தது. இடுக்கு வழியாக நுழைந்தேன். டிசைனர் ஜெபசிங் டீ குடித்துக்கொண்டிருந்தான்.

"ஏல, என்னை அகலமாக்கு."

"எடமில்ல மாப்ள. உன் கூட்டாளி சுடலமணி போன் பேசுத படமே பாதி பேனர். மிச்சத்துல ஒரு சந்துதான் கெடந்துச்சு. ஒடுக்குன எழுத்துதான் அதுல போகும்."

"சாச்சது எதுக்குல?"

"வேகத்துக்கு. கூரியர் கடை, ஜிம்மு, ஆம்னி பஸ்ஸு, எல்லாத்துக்கும் இதே எழுத்துதான். ஒருத்தனும் கொற சொல்லல."

"செருப்பு நிக்க மாட்டேங்கே."

"இந்த எழுத்துக்கு அடியில பாதம் வைக்க மாட்டாங்க. பாக்கச் சுத்தமா இருக்கும்."

"சுடலமணியக் கொஞ்சம் சுருக்கேன்."

"அவன் சுருங்குனா பந்திய யாரு பாக்கது?"

அது நியாயமாகப் பட்டது. மண்டபத்துக்குப் போனேன். எதிரில் வந்தவர்கள் ஒதுங்கி வழி விட்டார்கள்.

மாமனார் மறித்தார். "எங்க மாப்ள ஓடுதீய?"

"நிக்கேன் மாமா."

"பாத்தா அப்படித் தெரியலயே. நல்ல நேரம் முடியுததுக்குள்ள தாலி ஏறலன்னா, பிள்ளயக் கூட்டிட்டுப் போயிருவேன்."

கதவைப் பூட்டச் சொன்னார். பூட்டிய கதவின் இடுக்கு எனக்குத் தாராளம். ஆனாலும் மேடைக்குத்தான் போனேன்.

மங்கையர்க்கரசி வந்தாள். பெயர் நீளம் என்பதால் என்னைவிட ஒடுங்கியிருந்தாள், ஊதுபத்தி மாதிரி. இருவரும் ஒரே பக்கம் சாய்ந்திருந்தோம். நான் அவள் மேல் சாய்ந்தேன். அவள் என்னை விட்டுச் சாய்ந்தாள். தாலியோடு நீட்டிய கை கழுத்துக்கு ஒரு சாண் எட்டவில்லை. ஓரடி முன்னால் போனேன். அவள் ஓரடி வழுக்கினாள். மேடை நீண்டுகொண்டே போனது. நாதஸ்வரக்காரர்கள் நாற்காலியைத் தூக்கிக்கொண்டு கூடவே வந்தார்கள்.

"நில்லு," என்றேன்.

"நின்னுகிட்டுதான் இருக்கேன். நீங்க தொரத்தாதீய."

"உங்கப்பா கடிகாரத்தப் பாக்காரு."

அவள் கொஞ்சம் யோசித்தாள். பிறகு கூட்டத்துக்கு முதுகு காட்டித் திரும்பி நின்றாள். அவள் சாய்வு என் பக்கம் வந்துவிட்டது.

"பொண்ணு மொகம் வேணும்!" என்று வீடியோக்காரர் கத்தினார்.

"பேனர்ல இருக்கு, எடுத்துக்கிடுங்க," என்றாள்.

மூன்று முடிச்சும் போட்டேன். மாமனார் கதவைத் திறக்கச் சொன்னார். எங்கள் இருவர் தலையும் முட்டி நின்றன. ஒருவர் நகர்ந்தால் மற்றவர் விழ வேண்டியதுதான்.

பந்திக்குக் கூப்பிட்டார்கள்.

"நீங்க மொதல்ல நகருங்க," என்றாள்.

"நீ நகரு."

பந்தி ரசம் வரை போய்விட்டது. பிறகு இலை எடுத்துவிட்டார்கள். அடுத்த முகூர்த்தத்துக்காரர்கள் வந்து எங்கள் மேல் மாவிலைத் தோரணம் கட்டினார்கள். அந்த மாப்பிள்ளையும் பெண்ணும் குனியாமல் நுழைகிற அளவுக்கு அடியில் இடம் இருந்தது.