முன்னுரையைப் படிக்காதவர்கள்

கல்லூரியில் அவளுக்கு வைத்த பட்டப்பெயர் சந்தேகம். பழைய கட்டடங்களைப் பரிசோதித்துப் பழுதுபார்க்கும் எஞ்சினியர் ஆன பிறகும் அந்தப் பெயர் அவளை விட்டபாடில்லை. மாடியில் இருக்கும் சொந்த அக்காவின் தையல்கூடத்துக்குப் போனால்கூட நடுக்கூடத்துக்கு வர மாட்டாள். சுவரை ஒட்டி நின்றபடியே பேசிவிட்டுக் கிளம்புவாள்.

"எங்க மாடி உன்னைக் கடிச்சுத் தின்னுடாது, வாடி" என்று அக்கா கிண்டல் செய்வாள்.

இப்போது அந்த மாடிக்கே கேடு வந்திருந்தது. அதைத் தாங்கும் உத்தரங்கள் எந்தக் காலத்து இரும்பு என்றே தெரியவில்லை, இடித்துவிடுவதே நல்லது என்று ஓர் எஞ்சினியர் கட்டடத்துக்காரரிடம் அறிக்கை கொடுத்துவிட்டான். கொடுத்தவன் சந்தேகத்தின் வகுப்புத் தோழன்தான். எதைக் காட்டினாலும் தரைமட்டமாக்கச் சொல்வான் என்பதால் அவனுக்கு ரோடு ரோலர் என்று பெயர். மாடி போனால் அக்காவின் தையல் மெஷின்களும் அவற்றை நம்பியிருக்கும் பெண்களும் தெருவில்தான் நிற்க வேண்டும். எதிர்ஆதாரம் இருந்தால் மாதக் கடைசிக்குள் கொண்டு வாருங்கள் என்றார் கட்டடத்துக்காரர். கெட்ட மனிதரில்லை, பயந்த மனிதர்.

சந்தேகம் கீழ்த்தளத்தில் ஏணி போட்டு ஏறினாள். உத்தரத்தின் பெயின்டைச் சுரண்டியதும் ஆலை முத்திரையும் ஓர் எண்ணும் தெரிந்தன. சுவருக்குள் செருகிய முனைகளிலும் துரு இல்லை. ஆனால் இன்றைய அட்டவணைகளில் அந்த அளவில் உத்தரமே கிடையாது. ஆலையை மூடியே ஒரு தலைமுறை ஆகியிருந்தது. அந்த ஆலை அந்த நாளில் ஒரு கையேடு வெளியிட்டிருந்ததாகக் கேள்விப்பட்டு, இணையத்தைச் சல்லடை போட்டுச் சலித்தாள். யாரோ ஒரு புண்ணியவான் அதை ஸ்கேன் செய்து போட்டிருந்தார்.

அடேயப்பா, என்ன புத்தகம் அது! கம்ப்யூட்டர் இல்லாத காலத்தில் ஒவ்வொரு எண்ணையும் கையால் போட்டிருக்கிறார்கள். கிடங்கில் எதை அடுக்கினால் எவ்வளவு கனம் என்று ஒரு பக்கம். அதில் காய்ந்த கம்பளிக்கு ஓர் எடை, நனைந்த கம்பளிக்கு வேறு எடை. கூரை ஒழுகினால் என்ன ஆகும் என்றுகூட யோசித்தவர்கள்! இரண்டு நாள் வேலையை மறந்து அதிலேயே கிடந்தாள்.

அவள் தேடிய உத்தரமும் இருந்தது. மேலே "எடை" என்று மட்டும் தலைப்பு. தாங்கக்கூடிய எடையா, முறிகிற எடையா? அது எங்கும் சொல்லவில்லை. சந்தேகம் என்று வந்துவிட்டால் கெட்டதையே எடுத்துக்கொள்வது அவள் வழக்கம். முறிகிற எடை என்று வைத்து, பாதுகாப்புக்காக வெகுவாகக் குறைத்தாள். மாடியைத் தாங்காது என்று கணக்கு கையை விரித்துவிட்டது.

"ஒரு நம்பரை மாத்திப் போட்டா என்ன குறைஞ்சிடும்?" என்றாள் அக்கா. "இத்தனை வருஷமா நின்னுக்கிட்டுத்தானே இருக்கு?"

"நிக்குது. அதான் எனக்கும் புரியலை. ஆனா மாத்த மாட்டேன்க்கா. அதுக்கு மேல உட்கார்ந்திருக்கிறது நீ."

வீட்டுக்கு வந்தும் சந்தேகத்துக்கு மனசு ஆறவில்லை. நனைந்த கம்பளியை மறக்காதவர்கள் இதை எப்படி மறந்தார்கள்? ஸ்கேனை மறுபடி திறந்தபோதுதான் கவனித்தாள். முதல் பக்கத்தின் மூலையிலேயே பக்க எண் ஒன்பது என்று அச்சாகியிருந்தது. முன்னால் இருந்த பக்கங்களில் அட்டவணை எதுவும் இல்லை என்று புண்ணியவான் விட்டுவிட்டார் போலிருக்கிறது.

பழைய புத்தகக் கடைகளில் அந்தக் கையேடு இல்லை. கல்லூரி நூலகம் எப்போதோ அதை எடைக்குப் போட்டிருந்தது. கடைசியில் ரோடு ரோலரின் அலுவலகத்துக் கண்ணாடி அலமாரி ஞாபகம் வந்தது. வருகிறவர்கள் அசந்து போகட்டும் என்று பழைய கையேடுகளை மொத்தமாக வாங்கி அடுக்கியிருந்தான். இவனிடம் போய் நிற்பதா என்று ரோஷம் வந்தது. அதை விழுங்கிக்கொண்டு போனாள்.

"என்ன சந்தேகம், வழி தவறி வந்துட்டியா?"

"உன் அறிக்கை மேலதான் சந்தேகம். அந்தப் பச்சை அட்டைப் புத்தகத்தைக் கொஞ்சம் எடு."

சாவியைத் தேடவே அவனுக்கு நேரமாயிற்று. முதல் பக்கங்கள் ஒன்றோடொன்று ஒட்டியிருந்தன. பதமாகப் பிரித்து, முன்னுரையை அவனே உரக்கப் படித்தான்.

"இதில் காட்டியது முறியும் எடையன்று, அதில் நான்கில் ஒரு பங்கே. மீதியை இரும்பின் குறைக்கும், மனிதரின் மறதிக்கும், நாங்கள் காணாத காலத்துக்குமாக விட்டுவைத்திருக்கிறோம்."

படித்தவன் குரல் இறங்கிவிட்டது. அவர்கள் முன்பே கழித்து வைத்ததிலிருந்து அவள் மறுபடி கழித்திருக்கிறாள். அவனோ புத்தகத்தை வைத்துக்கொண்டே திறக்காமல் இருந்திருக்கிறான்.

"உத்தரத்தை எனக்குக் காட்டு" என்று சட்டென்று எழுந்தான். "சரியா இருந்தா புது அறிக்கையை நானே எழுதறேன். நீ எழுதினா அக்காவுக்காக எழுதினதுன்னு சொல்லுவாங்க."

அவனை ரோடு ரோலர் என்று முதலில் கூப்பிட்டது யார் என்று யோசித்தாள். அவளேதான். வெட்கமாக இருந்தது.

சாயங்காலம் அவன் ஏணியில் ஏறி முத்திரையைத் தடவிப் பார்த்தான், அளந்தான், சரிதான் என்று தலையாட்டினான். அவள் மாடிக்குப் போனாள். மெஷின்கள் எல்லாம் ஓடிக்கொண்டிருந்தன, தரை லேசாக அதிர்ந்தது. நேரே நடுக்கூடத்துக்கு நடந்து, ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

அக்காவின் மெஷின் நின்றது. "என்னடி, சுவரோட சண்டையா?"

"நம்மளை எல்லாம் பார்க்காமலே நமக்கும் சேர்த்துக் கணக்குப் போட்டிருக்காங்கக்கா" என்றாள். சொல்லும்போதே கண் நிறைந்துவிட்டது.

அக்காவுக்கு ஒன்றும் விளங்கவில்லை. ஆனாலும் தன் ஸ்டூலைத் தங்கையின் பக்கத்தில் இழுத்துப் போட்டு உட்கார்ந்துகொண்டாள்.