உட்கார்ந்து பார்த்த பிறகு பணம்

இப்போதெல்லாம் பொருள் வாங்க வருகிறவன் வருவதே இல்லை. போனில் ‘இருக்கா?’ என்று கேட்கிறான். இருக்கிறது என்றால் ‘கடைசி விலை?’ என்கிறான். விலையைச் சொன்னால் ஆளே காணோம். தொட்டுப் பார்க்காமல், தட்டிப் பார்க்காமல், விற்கிறவன் மூஞ்சியைக்கூடப் பார்க்காமல் பேரம். நான் லாரி ஓட்டியவன். பழைய டயர் வாங்கினால்கூட காலால் ஒரு உதை விட்டுப் பார்த்துத்தான் வாங்குவேன். உதைக்காமல் எதையும் நம்பியதில்லை. மனிதனை உதைத்தாலும் நம்பியதில்லை.

தங்கச்சி வீட்டு சலூன் நாற்காலியை விற்கப்போய்த்தான் இந்தக் கூத்து. அவள் புருஷன் சலூன் வைத்திருந்தவர். மாப்பிள்ளை இறந்துபோன பிறகு கடையைக் காலி செய்தவள், ஒரே ஒரு நாற்காலியை மட்டும் மூன்றாவது மாடிக்கு ஏற்றிக் கூடத்தில் போட்டுக்கொண்டாள். இரும்பு அடி, சிவப்பு ரெக்சின். மிதியை அமுக்கினால் ஆளோடு மேலே ஏறும். வலப்பக்கக் கைப்பிடியை இழுத்தால் முதுகு சாயும். சாயங்காலத்தில் அதில் உட்கார்ந்துதான் டீ குடிப்பாள்.

ஆனால் முட்டி தேய்ந்துவிட்டது. ஆபரேஷன் செய்தால்தான் நடக்க முடியும் என்று டாக்டர் சொல்லிவிட்டார். அதற்கென்று மாப்பிள்ளை சேர்த்துவைத்துவிட்டுப் போன பணம் பேங்கில் இருந்தது. ஆபரேஷன் முடிந்ததும் என் வீட்டுக்கு வந்துவிடச் சொன்னேன், கீழ்வீடு, படி கிடையாது. என் கூடத்தில் ஒரு கட்டில் போட்டால் எனக்கே நிற்க இடமில்லை. நாற்காலி எங்கே போகும்? வெளியூரில் இருக்கும் தங்கச்சி மகள் அதைப் படம் எடுத்து அனுப்பச் சொல்லி, போனிலேயே விற்பனைக்குப் போட்டுவிட்டாள்.

ஒருவன் மாட்டினான். எங்கேயோ தூரத்தில் வேலையாம். வயசான அப்பா, நடக்க மாட்டாராம், வீட்டிலேயே முடி வெட்டிவிட நல்ல நாற்காலி வேண்டுமாம். பேரமே பேசவில்லை. வார்த்தைக்கு வார்த்தை ‘அம்மா’. தங்கச்சி உருகிவிட்டாள்.

“அண்ணே, இந்தக் காலத்துல அப்பாவுக்கு நாற்காலி வாங்குற பிள்ளை இருக்கு பாரு.”

“நாற்காலி வாங்குறவன் எல்லாம் நல்லவனா பாப்பா? அரசியல்ல போய்ப் பாரு.”

பாப்பாவுக்கு அறுபது தாண்டிவிட்டது. நான் அப்படித்தான் கூப்பிடுவேன்.

கூரியரில் செக் வந்தது. கேட்ட விலையைப்போல மூன்று மடங்கு எழுதியிருந்தது. பின்னாலேயே செய்தி: ‘அம்மா, ஆபீசில் தப்பாக எழுதிவிட்டார்கள். பேங்கில் போடுங்கள். உங்கள் விலையை எடுத்துக்கொண்டு மிச்சத்தை லாரிக்காரருக்கு அனுப்பிவிடுங்கள், அவரே வந்து நாற்காலியை எடுத்துக்கொள்வார்.’ கூடவே லாரிக்காரனின் கணக்கு நம்பர்.

செக்கை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். முத்திரை இருந்தது, கையெழுத்து இருந்தது. நகத்தால் சுரண்டினேன், மை போகவில்லை. உதைக்க முடியாததுதான் குறை. பேங்கில் போட்டோம். மறுநாளே தங்கச்சி போனில் பணம் வரவு காட்டியது. பேங்கே சொன்ன பிறகு நான் யார்?

பயம் பிடித்தது எனக்கு. அடுத்தவன் காசு வீட்டில் ஒரு ராத்திரி தூங்கினாலும் எனக்குத் தூக்கம் வராது. நாளைக்கு வந்து ‘எங்கடா என் பணம்’ என்று சட்டையைப் பிடிப்பான்.

“இன்னைக்கே அனுப்பிவிடு பாப்பா. அவன் காசு அவன்கிட்டப் போகட்டும்.”

அவள் அசையவில்லை. நாற்காலியின் கைப்பிடியைத் துணியால் துடைத்துக்கொண்டே சொன்னாள்.

“உக்காந்து பாக்காம எப்படிண்ணே காசு விஷயத்தை முடிக்கிறது?”

“யாரு உக்காரணும்?”

“அவங்க அப்பா.”

மாப்பிள்ளை பழக்கம் அது. வெட்டி முடித்ததும் பின்னால் கைக்கண்ணாடியைப் பிடித்து, ‘பார்த்துச் சொல்லுங்க’ என்பார். வந்தவர் பார்த்துத் தலையாட்டினால்தான் காசு வாங்குவார். ஒருமுறை ஓர் ஆள் பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டதென்று காசை மேஜையில் வைத்துவிட்டு ஓடிவிட்டான். இவர் கண்ணாடியைத் தூக்கிக்கொண்டு பின்னாலேயே ஓடி, பஸ் ஜன்னலில் நீட்டி, ‘பார்த்துச் சொல்லுங்க’ என்று நின்றாராம். பஸ்ஸே சிரித்ததாம். தங்கச்சி அதை எத்தனை தடவை சொன்னாலும் புதிதாகச் சொல்வதுபோலவே சொல்வாள்.

அதனால் அவனுக்கு எழுதினாள்: ‘தம்பி, அப்பாவுக்கு எந்தக் காலில் பலம் இல்லை? கைப்பிடி வலப்பக்கம் இருக்கிறது. வலது கால் முடியாதென்றால் ஏறும்போது இடிக்கும். அவரைக் கூட்டிவர முடியாவிட்டால் உயரமாவது சொல்லுங்கள்.’

பதில் வந்தது: ‘பணம் அனுப்பிவிட்டீர்களா அம்மா?’

மறுபடி கேட்டாள். ‘எந்தக் காலாக இருந்தாலும் பரவாயில்லை. சீக்கிரம் அனுப்புங்கள். லாரிக்காரர் காத்திருக்கிறார்.’

தங்கச்சி முகம் சுண்டிவிட்டது.

“பெத்த அப்பனோட எந்தக் கால் வலிக்குதுன்னு தெரியல இவனுக்கு. பாவம், அந்தப் பெரியவர எப்படி வச்சிருக்கானோ.”

“அது அவன் குடும்ப வழக்கு. நீ என்ன ஜட்ஜா? காசைக் குடு, கழட்டி விடு.”

“அப்பாகிட்ட போனைக் குடுன்னு கேக்கறேன். ஒரு வார்த்தை பேசட்டும். அதுக்கப்புறம் அனுப்பறேன்.”

அதன்பின் அவன் ‘அம்மா’ என்பதை விட்டுவிட்டான். போலீசுக்குப் போவேன், என் பணத்தைத் திருட்டுத்தனமாக வைத்திருக்கிறாய் என்று எழுதினான். எனக்கு ரத்தம் கொதித்தது, அவன்மேல் இல்லை, அவள்மேல். திருட்டுப் பட்டம் வாங்கவா இத்தனை வருஷம் பிழைத்தோம்?

“கிளம்பு பேங்குக்கு. போன்ல வேணாம், கவுண்டர்லயே கட்டி ரசீது வாங்குவோம்.”

அவள் ஒரு படிக்கு இரண்டு காலையும் வைத்து, என் தோளைப் பிடித்துக்கொண்டு இறங்கினாள். மூன்று மாடி. வழியெல்லாம் பேசவில்லை. பேசாமலிருந்தால் கோபம் என்று அர்த்தம். சின்ன வயசிலிருந்தே அப்படித்தான்.

பேங்கில் கவுண்டரில் ஒரு பொண்ணு. லாரிக்காரன் கணக்கு நம்பரை நீட்டி, விஷயத்தை நானே சொன்னேன். அந்தப் பொண்ணு கம்ப்யூட்டரைப் பார்த்தது, என்னைப் பார்த்தது, மறுபடி கம்ப்யூட்டரைப் பார்த்தது.

“ஐயா, பணம் எதுவும் அனுப்பிட்டீங்களா?”

“அனுப்பத்தானே வந்திருக்கோம்.”

“நல்ல வேளை. செக் திரும்பிருச்சுங்க. போலி.”

“வரவு வச்சுட்டதா உங்க பேங்குதானே போன்ல காட்டுச்சு?”

“வரவு காட்டும். செக் உண்மையிலேயே பாஸாகச் சில நாள் ஆகும். அந்த நடுவுல மிச்சத்தை வாங்கிட்டுப் போயிடுவாங்க. லாரிக்காரர்னு யாரும் வரமாட்டாங்க, எல்லாம் ஒரே ஆளுதான்.”

“அப்ப நாங்க அனுப்பியிருந்தா அது யாரு காசு?”

“இவங்க கணக்குல இருக்கற காசுதாங்க.”

தங்கச்சி கவுண்டரைப் பிடித்துக்கொண்டு ஒரு காலில் சாய்ந்து நின்றாள். அவள் முட்டியைப் பார்த்தேன். ஓரத்தில் இருந்த நாற்காலியை இழுத்து அவளுக்குப் போட்டேன். எனக்குத்தான் உட்காரவேண்டும்போல இருந்தது.

அந்தப் பொண்ணு செக்கைப் பற்றிப் புகார் எழுதிக்கொடுக்கச் சொன்னது. எழுதிக்கொடுத்தோம். அந்த ஆளுக்கு இனிப் பதில் போடவேண்டாம் என்றும் சொன்னது.

“ஒரே ஒரு பதில் போட்டுக்கறேனே” என்றாள் தங்கச்சி.

“திட்டப் போறீங்களாம்மா?”

“இல்லம்மா. அவங்க அப்பா...”

“அப்பனும் இல்ல, ஆட்டுக்குட்டியும் இல்ல. எந்திரி” என்றேன்.

திரும்ப மூன்று மாடி. ஒவ்வொரு தளத்திலும் நின்றோம். இரண்டாம் தளத்தில் மூச்சு வாங்கிக்கொண்டே சிரித்தாள்.

“அண்ணே, ஊர்ல ஒருத்தனையும் நம்பமாட்டே. இவனை மட்டும் எப்படி நம்பினே?”

“நான் எங்க அவனை நம்பினேன்? காசு என்கிட்ட இருக்கறதத்தான் நம்பல.”

“அதுவும் சரிதான்” என்றாள். அதற்குமேல் குத்திக்காட்டவில்லை. என்னைத் திட்டியிருந்தால் நிம்மதியாக இருந்திருக்கும்.

உள்ளே போனதும் என்னை அந்த நாற்காலியில் உட்காரச் சொன்னாள். எதற்கு என்றேன்.

“காதுக்கு மேல காடு மாதிரி கிடக்கு. உக்காரு.”

மாப்பிள்ளை இருந்தவரை அவர்தான் எனக்கு வெட்டுவார். போனபிறகு நான் எங்கும் போகவில்லை. கத்தியைக் கழுத்தருகில் கொண்டுவர முன்பின் தெரியாதவனை எப்படி விடுவது? தங்கச்சி மிதியைக் காலால் அமுக்கப் பார்த்தாள், முட்டி விடவில்லை. குனிந்து, இரண்டு கையாலும் அமுக்கினாள். கொஞ்சம் கொஞ்சமாக நான் மேலே ஏறினேன். தொழில் தெரிந்தவள் இல்லை. பார்த்துப் பார்த்துப் பழகியவள். கத்தரி என் காதோரம் பயந்து பயந்து நகர்ந்தது. நானும் பயந்துதான் உட்கார்ந்திருந்தேன், ஆனால் அசையவில்லை.

முடிந்ததும் அலமாரியிலிருந்து அந்தக் கைக்கண்ணாடியை எடுத்துவந்து பின்னால் பிடித்தாள்.

“பார்த்துச் சொல்லு.”

இடப்பக்கம் ஒரு மாதிரி, வலப்பக்கம் வேறு மாதிரி, நடுவில் எலி கடித்ததுபோல ஒரு சந்து. கண்ணாடிக்குள் என் தலைக்குப் பின்னால் அவள் முகம் பரீட்சை எழுதியவள்போலக் காத்திருந்தது.

“நல்லாத்தான் இருக்கு” என்றேன்.

அந்த நேரம் பார்த்து அவள் போன் சத்தம் போட்டது. எடுத்துப் பார்த்தாள். முகம் மலர்ந்துவிட்டது.

“புதுசா ஒரு ஆளுண்ணே. நாற்காலி இருக்கான்னு கேக்கறாரு. அம்மாவுக்காம். நேர்ல வந்து உக்கார வச்சுப் பாக்கலாமான்னு அவராவே கேக்கறாரு. இவரு நல்லவராத்தான் இருப்பாருன்னு தோணுது.”

“போனவனும் அப்படித்தான் தோணினான்.”

“எல்லாரும் அப்படியா இருப்பாங்க?”

சட்டைமேல் கிடந்த முடியைத் தட்டிவிட்டு, செருப்பை மாட்டிக்கொண்டேன். அவர் வரும்போது நானும் இருப்பேன், வாசலில் நின்று காலையும் மூஞ்சியையும் பார்த்துத்தான் உள்ளே விடுவேன் என்று படியில் இறங்கிக்கொண்டே சத்தமாகச் சொன்னேன். மேலே அவள் சிரிக்கிறது கேட்டது. சிரிக்கட்டும். அம்மாவுக்காம், அம்மாவுக்கு.