அண்ணி இழுத்த மூச்சு

மணலியில் குடியிருந்த மூன்று வருஷத்தில் தேன்மொழிக்கு நெஞ்சுச் சளி இல்லாத மாதமே கிடையாது. ஆலைப் புகையும் லாரிப் புகையும் ஜன்னலைச் சாத்தினாலும் உள்ளே வந்தன. ஒன்றாம் வகுப்புப் படிக்கவேண்டிய பிள்ளை பாதி நாள் ஆஸ்பத்திரியில் கிடந்தாள். கடைசியில் டாக்டர் கல்பனாவிடம், "கொஞ்ச நாள் நல்ல காத்து இருக்கிற இடத்துல வெச்சிருங்கம்மா" என்றார். உத்திரமேரூர் பக்கத்தில் இருந்த அண்ணன் வீடுதான் அவளுக்கு நினைவுக்கு வந்தது. கணவன் ஜெகனுக்குக் கன்டெய்னர் யார்டில் வேலை. அவனை அங்கேயே விட்டுவிட்டு மகளோடு பஸ் ஏறினாள்.

அண்ணன் தமிழரசன் ஊருக்கு வெளியே கல் உடைக்கும் கிரஷரில் மேஸ்திரி. "தூசி வருமாண்ணா?" என்று போனிலேயே கேட்டிருந்தாள். "அது மலையோரம் கீது. நம்ம வூட்டுக்கு எட்டாது" என்றான்.

வந்த புதிதில் தேன்மொழி விடியும்வரை அசையாமல் தூங்கினாள். கல்பனாவுக்கு அதைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருக்கலாம் போல இருந்தது. ஆனால், மூச்சுத் திணறும்போது மட்டும் இழுப்பதற்காக வைத்திருந்த நீல இன்ஹேலர் எப்படியோ தீர்ந்துபோயிருந்தது.

"விளையாட்டுக்கு அடிச்சியாடி?"

"நான் தொடவே இல்லம்மா."

பொய் சொல்கிறாள் என்று நினைத்து முதுகில் ஒன்று வைத்தாள். பிள்ளை அழுதுகொண்டே அண்ணி சசிரேகாவின் மடியில் போய் விழுந்தாள். சசிரேகா அவள் தலையைத் தடவிக்கொடுத்தாள். கல்பனா கடைத்தெருவுக்குப் போய் வேறு இன்ஹேலர் வாங்கி வந்தாள்.

ஆடி பிறந்ததும் காற்று திசை மாறியது. காயப்போட்ட துணியில், வாழையிலையில், மூடி வைத்த தண்ணீர்க் குடத்தின் மேல்கூட கிரஷர் தூசி வெள்ளை மாவாகப் படிந்தது. ஒரு மத்தியானம் தேன்மொழிக்கு மறுபடியும் இழுப்பு வந்தது. அலமாரியில் இன்ஹேலர் இல்லை. அண்ணியைக் கேட்கலாம் என்று கல்பனா பின்பக்கம் ஓடினாள். மோட்டார் கொட்டகைக்குப் பின்னால் சசிரேகா குத்துக்காலிட்டு உட்கார்ந்து அதை வாயில் வைத்து அழுத்திக்கொண்டிருந்தாள். இழுக்கத் தெரியாமல் பாதி மருந்து வெளியே போயிற்று.

கல்பனா அதைப் பிடுங்கிக்கொண்டு ஓடி முதலில் மகளைக் கவனித்தாள். பிள்ளைக்கு மூச்சு சீரானபிறகு சசிரேகா வாசற்படியில் வந்து நின்றாள்.

"எத்தினி நாளா அண்ணி?"

"ரெண்டு வருஷமாவே மூச்சு இளைக்குது. பாப்பா இழுக்கறத பாத்தேன். நானும் இழுத்தேன், கொஞ்சம் நல்லா இருந்துச்சி."

"அண்ணங்கிட்ட சொல்லக்கூடாதா?"

"சொன்னா அவரு வேலையத்தான் கொற சொல்ற மாதிரி ஆவும். அத்த வுட்டா வேற இன்னா கீது இங்க?" சசிரேகா முகத்தைத் துடைத்துக்கொண்டாள். "நீ காத்துக்காகப் புள்ளய இட்டுக்கினு வந்துக்கீற. உன்னாண்ட எப்டி சொல்றது?"

கல்பனா உள்ளே போய் மகளின் முதுகைத் தடவி, "அம்மா தெரியாம அடிச்சிட்டேன்டா" என்றாள்.

மறுநாள் மூவரும் செங்கல்பட்டு ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். எக்ஸ்ரே பார்த்த டாக்டரம்மா, "வீட்டுக்குப் பக்கத்துல என்ன இருக்கு?" என்று கேட்டார். சசிரேகா தலையைக் குனிந்துகொள்ள, கல்பனாதான் பதில் சொன்னாள். சசிரேகாவின் நுரையீரலில் கல்தூசி படிந்திருக்கிறது, மருந்து கட்டுப்படுத்தும், ஆனால் அவளும் பிள்ளையும் அந்தத் தூசியில் இருக்கக்கூடாது என்றார் அவர்.

சாயங்காலம் வேலை முடிந்து வந்த தமிழரசனிடம் கல்பனா எதையும் மறைக்கவில்லை. அவன் சொம்பைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே நின்றான். "எட்டாதுன்னுதான் நெனச்சிக்கினு இருந்தேன்" என்றான். பிறகு மனைவியைப் பார்க்காமலே, "எனக்கும் இருமல் கீது" என்றான்.

மாதம் முடிவதற்குள், கிரஷர் தூசி எட்டாத ராஜகுளத்தில் சின்னதாக ஒரு வீடு பார்த்து, இரண்டு பெண்களையும் பிள்ளையையும் அங்கே குடிவைத்தான். தேன்மொழியைப் பக்கத்துப் பள்ளிக்கூடத்தில் சேர்த்தார்கள். தமிழரசன் மட்டும் பழைய வீட்டிலேயே இருந்து கிரஷருக்குப் போய்வந்தான்.

முதல் ஞாயிற்றுக்கிழமை வந்தவன், சோற்றில் கை வைக்கும்போதே இருமினான்.

"நாளைக்கு லீவு போட்டுட்டு டாக்டராண்ட வாங்க" என்றாள் சசிரேகா.

"லோடு நெறைய கீது. அடுத்த வாரம் பாக்கலாம்."

"அடுத்த வாரமும் இதத்தான் சொல்லுவீங்க."

அவன் சாப்பிட்டு முடித்து, வண்டியைக் கிளப்பிக்கொண்டு போனான். தெருக்கோடி வரைக்கும் அவன் இருமுவது கேட்டது. சசிரேகா உள்ளே வந்து எச்சில் தட்டை எடுத்தாள். கல்பனா மணலிக்குப் போன் போட்டு, ஜெகன் எடுத்ததும் முதலில் அவனுக்கு இருமல் இருக்கிறதா என்றுதான் கேட்டாள்.