பாங்குக்கு முன்னால் வர வேண்டியவர்

தலைவர் தேவநாதன் எங்கேயும் நேரத்துக்குப் போனதில்லை. போனால் மதிப்புக் குறைந்துவிடும் என்பது கட்சியின் எழுதப்படாத கொள்கை.

சிதம்பரத்தில் அவருக்காக, நோன்பு திறக்கும் இஃப்தார் விருந்து வைத்திருந்தார் பாத்திரக்கடை ஜமாலுதீன். அவருக்குக் கவுன்சிலர் சீட்டு வேண்டும். "நான் வர்ற வரைக்கும் கூட்டம் காத்திருந்தா சீட்டு உனக்குத்தான்" என்று தலைவர் சொல்லியிருந்தார். பள்ளிவாசலை ஒட்டிய மண்டபத்தில் நானூறு பேர். ஆளுக்கொரு கோப்பைக் கஞ்சி, பேரீச்சம்பழம். முதல் பழத்தைத் தலைவர் தன் கையால் எடுத்துக் கொடுப்பதாக ஏற்பாடு. வாசல் பேனரில் தலைவர் கையசைத்துக்கொண்டிருந்தார். கைக்கடிகாரம் மட்டும் சோற்றுத்தட்டு அளவுக்கு இருந்தது.

வெயில் சாயும்போது ஜமாலுதீன் போன் போட்டார்.

"ஆலப்பாக்கம் தாண்டிட்டோம் பாய்" என்றான் தலைவரின் உதவியாளன் ராபர்ட். பின்னால், கடலூர் வீட்டில், தலைவர் சட்டைக்கு இஸ்திரி போடச் சொல்லிக்கொண்டிருந்தது கேட்டது.

வெளிச்சம் மங்கியும் கார் வரவில்லை. நோன்பு திறக்கப் பாங்கு சொல்லும் மோதினாரிடம் போனார் ஜமாலுதீன்.

"ஒரு அஞ்சு நிமிஷம் தள்ளி சொல்லுங்களேன். தலைவர் வந்துட்டே இருக்காரு."

"நான் நேரம் பாத்துச் சொல்ற ஆளு, பாய். நேரத்த வெச்சிருக்கறவன் நான் இல்ல."

"சூரியனுக்கும் ஒரு போன் போட்டுடு மாப்ளே" என்றார் வரிசையில் உட்கார்ந்திருந்த ஹுமாயூன் மாமா. "ராபர்ட்டு கிட்ட நம்பர் இருக்கும்."

சிரிப்பு எழுந்தது, எழுந்த வேகத்தில் அடங்கியது. மண்டபம் முழுக்கப் பேச்சு நின்றுவிட்டது. பகலெல்லாம் தண்ணீர் படாத நானூறு வாய்கள். எல்லார் விரலிலும் ஒரு பழம். ஒருவரும் அதட்டவில்லை, மைக்கில் கெஞ்சவில்லை. மடியிலிருந்த குழந்தைகள்கூட அசையவில்லை.

பாங்கு எழுந்தது.

நானூறு கைகள் ஒரே கையாக உயர்ந்தன. ஜமாலுதீன் சீட்டை நினைத்தபடி வாசலைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். ஆனால் பழம் அவர் நாக்கில் இனித்துக்கொண்டிருந்தது. கை யாரைக் கேட்டு உயர்ந்தது என்று அவருக்கே தெரியவில்லை.

தலைவர் வந்தபோது மண்டபத்தில் காலிக் கோப்பைகள்தான் இருந்தன. கையில் சால்வை வைத்திருந்த ராபர்ட், அதைத் தலைவருக்கே போர்த்திவிடலாமா என்று யோசித்தான். பக்கத்தில் பள்ளிவாசல் கதவு திறந்திருந்தது. உள்ளே ஒரு குரல் கேட்டது. வரிசை வரிசையாக அத்தனை முதுகுகளும் சேர்ந்தாற்போல் குனிந்தன.

தலைவர் செருப்பைக் கழற்றினார். யாரும் சொல்லவில்லை.

"இதுக்கு எத்தன வேன் விட்டாங்க?" என்று ராபர்ட்டிடம் மெதுவாகக் கேட்டார்.

"வேன் இல்ல தலைவரே."

"தலைக்கு எவ்ளோ?"

"ஒண்ணும் இல்ல தலைவரே. தெனமும் இப்டிதான் வராங்க."

தலைவர் தன் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். பல வருஷமாக அதை மற்றவர்கள்தான் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

தொழுகை முடிந்து ஜமாலுதீன் வெளியே வந்தார்.

"உன் கூட்டம் எனக்காகக் காத்திருக்கல பாய். சீட்டு கெடையாது."

"தெரியும் தலைவரே. கஞ்சி எடுத்து வெச்சிருக்கேன், ஆறுது."

தலைவர் குடித்தார். பாதிக் கோப்பையில் நிமிர்ந்தார்.

"நாளைக்கி நான் வந்தா, எனக்கு முன்னாடி ஆரம்பிச்சுடுவீங்களா?"

"ஆமா தலைவரே."

"அப்ப எத்தன மணிக்கு வரணும்?" என்றார் தலைவர்.

அவர் வாயிலிருந்து அந்தக் கேள்வியை ராபர்ட் கேட்பது அதுதான் முதல் தடவை.