கோணல் அலமாரி

என் வீட்டுக்காரர் பிடித்த முயலுக்கு எப்போதும் மூன்றே கால். முப்பது வருடமாக மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை. ஊரார் கண்ணையெல்லாம் அளந்து பார்த்தவரிடம் உங்கள் கண் எப்படி என்று யார் கேட்பது? மாதம் ஒருமுறை கடைச் சுவரில் தொங்கும் எழுத்து அட்டையின் முன்னால் நின்று, ஒவ்வொரு கண்ணாக மூடி, கடைசி வரி வரை படித்துவிடுவார். "அறுபத்து மூணு வயசு, கழுகுக் கண்ணு!" என்று வீட்டுக்கு வந்ததும் ஒரு பீற்றல் வேறு.

சமையலறைக்குப் புது அலமாரி செய்தோம். தச்சர் வேலையை முடித்துக் கருவிகளைப் பையில் போடும்போது இவர் வந்து நின்றார்.

"மேல் தட்டு நடுவுல வளைஞ்சிருக்கே."

தச்சர் ரசமட்டத்தை எடுத்துத் தட்டின்மேல் வைத்தார். குமிழி நடுவில் ஆடாமல் அசையாமல் நின்றது.

"நீங்களே பாருங்க சார். இது பொய் சொல்லாது."

"அப்போ அதுவும் கோணல்."

தச்சர் என் பக்கம் திரும்பினார். "நீங்க சொல்லுங்கம்மா."

தட்டு நூல் பிடித்த மாதிரி நேராக இருந்தது. ஆனால் இவருக்குக் கழுத்து நரம்பு புடைத்துவிட்டது. தச்சர் போய்விடுவார், இவரோடு குப்பை கொட்டப்போவது நான்.

"ஆமா, லேசா கோணல்தான்" என்றேன்.

பாவம், அந்த மனிதர் தட்டைக் கழற்றி மாட்டினார். அடுத்த வாரமும் வரவழைத்தோம், மறுபடி மாட்டினார். மறுபடியும் ஆமாம் போட்டேன். கிளம்பும்போது, "ஆடத் தெரியாதவன் கூடம் கோணல்னானாம்" என்று அவர் முணுமுணுத்தது காதில் விழுந்தது. எனக்குச் சிரிப்பு வந்தது, அவ்வளவுதான்.

அதன் பிறகு கதவு நிலை வளைந்தது. செய்தித்தாளில் வரிகள் நெளிந்தன. அச்சடிப்பவனுக்குத் திட்டு விழுந்தது. அவர் ஊற்றிய டீ கோப்பைக்கு வெளியே விழுந்தது, கோப்பைக்குத் திட்டு. நான் எல்லாவற்றுக்கும் தலையாட்டினேன். மூன்று மாதம் இப்படியே ஓடியது. ஒருநாள் கடையில் கண்ணாடிச் சட்டத்துக்குத் திருகாணி போட முடியாமல் அரை மணி நேரம் தடவியிருக்கிறார். முதலாளியே எனக்குப் போன் செய்து, கண் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போகச் சொன்னார்.

டாக்டருக்கு எங்கள் மகள் வயது இருக்கும். இவரை நாற்காலியில் உட்காரவைத்து வலது கண்ணை மூடினார். எதிரே திரையில் எழுத்துகள். கடை அட்டையில் இருப்பவைதான், அதே வரிசை. இவர் கடகடவென்று படித்தார். டாக்டர் ஏதோ யோசித்து, கையிலிருந்த பொத்தானை அழுத்தினார். திரையில் எழுத்துகள் மாறின.

இவர் நிறுத்தவில்லை. "க, ல, ச, ட, ப" என்று கணீரென்று சொல்லிக்கொண்டே போனார். திரையில் அந்த வரியில் இருந்தது "ந, ம, வ, த, ய". பின்னால் உட்கார்ந்திருந்த எனக்கே அது தெளிவாகத் தெரிந்தது.

"சார், இது வேற அட்டை" என்றார் டாக்டர் மெதுவாக.

"நான் பொய் சொல்லல டாக்டர். எனக்கு அப்படித்தான் தெரிஞ்சுது."

அவர் பொய் சொல்லவில்லை என்று எனக்குத் தெரியும். முப்பது வருடம் அடுத்தவர்கள் படிப்பதைக் கேட்டுக் கேட்டு அந்த அட்டை அவருக்கு மனப்பாடம். கண் பார்ப்பதற்கு முன்பே வாய் படித்துவிடுகிறது.

படம் எடுத்துப் பார்த்தார்கள். இடது கண்ணில் விழித்திரையின் நடுப்பகுதி எப்போதோ தழும்பாகிவிட்டது, இனி திரும்பாது. வலது கண்ணில் இப்போதுதான் கசிவு. ஊசி போட்டால் மிச்சத்தைக் காப்பாற்றப் பார்க்கலாம்.

"மூணு மாசம் முன்னாடி வந்திருந்தா இன்னும் நல்லா இருந்திருக்கும். நேர்க்கோடெல்லாம் வளைஞ்சு தெரியலையா சார்?"

"அலமாரித் தட்டு வளைஞ்சுதான் தெரிஞ்சுது. ஆனா அது நிஜமாவே கோணல். இவளும் பார்த்தா."

சொல்லி முடித்ததும் அவர் முகம் வெளிறிவிட்டது. கோடு வளைந்து தெரிகிறதா என்று கட்டம் போட்ட அட்டையைக் காட்டி, இதே நோய்க்கு எத்தனை பேரை ஆஸ்பத்திரிக்கு அனுப்பியவர்! என் மணிக்கட்டைத் தேடிப் பிடித்துக்கொண்டார்.

"டாக்டர், எனக்கு அப்புறம் போடுங்க. முதல்ல இவ கண்ணைப் பாருங்க. இவளுக்கும் கோணலாத்தான் தெரிஞ்சுது. எனக்குப் போனாலும் இவ இருக்கான்னு நினைச்சேன்."

எழுந்து, என் தோளைத் தடவிப் பார்த்து, நாற்காலியில் அவரே என்னை உட்காரவைத்தார். பூமி பிளந்து என்னை விழுங்கினால் தேவலை என்றிருந்தது.

டாக்டர் என் ஒரு கண்ணை மூடினார். படித்தேன். மறு கண்ணை மூடினார். கடைசி வரி வரைக்கும் படித்தேன்.

"சரியாச் சொல்றாளா?" என்றார் இவர் பின்னாலிருந்து.

"ஒரு தப்புகூட இல்ல சார். ரெண்டு கண்ணும் நல்லா இருக்கு."

"அப்பாடா" என்று மூச்சு விட்டார்.

"அப்போ அந்தத் தட்டு?"

நான் திரும்பிப் பார்த்தேன். என் முகம் இருக்கும் இடத்துக்குச் சற்றுத் தள்ளி, வெறும் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"நேராத்தான் இருந்துச்சுங்க" என்றேன்.