நாற்பது நிமிடமும் இறால் குழம்பும்

1

"ஏம்மா, உங்க அப்பா வீட்ல சமைப்பாரா?"

வானொலியிலிருந்து வந்த எழில்மொழி மேடம், மோகனப்ரியாவிடம் கேட்ட ஒரே கேள்வி இது. இந்தக் கதை அந்தக் கேள்வியில்தான் பிறந்தது. கேள்வியில் தப்பில்லை என்று வைத்துக்கொள்வோம். பதிலில் தப்பு இருக்கிறது. பதில் சொன்னவளே எழுதும் கதை இது. கதைக்குள் 'நான்' என்று போட்டால் பேனா நகர மாட்டேன் என்கிறது. அதனால் மோகனப்ரியா என்று ஒருத்தி. பத்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவள். அரிசி டின்னுக்குப் பின்னால், தான் எழுதும் நோட்டுகளை ஒளித்து வைத்திருந்தவள். அந்த வியாழக்கிழமை வரை அது யாருக்கும் தெரியாது.

2

முதல் தொடக்கம்: 'தேசத்தின் குரலாக ஒலிக்கும் வானொலி, எண்ணூர்க் கழிமுகத்தின்…'

அடித்துவிட்டேன். தேசத்தின் குரல் என்று அவர்களே மணிக்கொரு தரம் சொல்லிக்கொள்கிறார்கள். நான் வேறு சொல்ல வேண்டுமா?

இரண்டாவது: 'நெட்டுக்குப்பத்தில் ஓர் அழகிய காலை…'

இதையும் அடித்தேன். (அன்று காலை கொடியில் காய்ந்த துணிமேல் சாம்பல் படிந்திருந்தது. அம்மா மறுபடியும் துவைத்தாள்.)

நேராகவே சொல்கிறேன். மோகனப்ரியாவின் அப்பா குமாரவேல் கழிமுகத்தில் வலை போடுகிறவர். பாட்டே இல்லாமல் நாள் முழுக்கப் பேச்சு மட்டும் ஒலிபரப்பும் அந்த தேசிய வானொலிக்காக எழில்மொழி வந்து, வலைக் கொட்டகையில் உட்கார்ந்து, அவர் பேசியதைப் பதிவு செய்தார். நாற்பது நிமிடம். மின் நிலையத்துச் சாம்பல் ஆற்றை எப்படித் தூர்த்தது என்று குமாரவேல் தடுமாறாமல் பேசினார். கருவியை மூடும்போதுதான் மேடம், மூலையில் நின்ற மோகனப்ரியாவிடம் அதைக் கேட்டார். அவள் தரையைப் பார்த்துக்கொண்டே, "எறா கொழம்பு நல்லா வைப்பாரு" என்றாள்.

மூடிய கருவி மறுபடியும் திறந்தது.

3

வியாழக்கிழமை ஒலிபரப்பு, நேரம் சொல்ல முடியாது என்று ஃபோன் வந்தது. வியாழன் குமாரவேலின் பாடு.

(பாடு என்றால் முறை. இன்ன நாளில் இன்ன இடத்தில் இன்னார்தான் வலை போடலாம் என்று ஊர் கட்டிய வரிசை. விட்டால் பன்னிரண்டு நாள் கழித்துத்தான் திரும்ப வரும்.)

குமாரவேல் அந்த நாளைப் பக்கத்து வீட்டுத் தீபனுக்கு விட்டுக்கொடுத்தார். ரேடியோவையும் அவனிடமே வாங்கிக்கொண்டார்.

"ரேடியோல பேசினா எறா தானா வந்து கூடையில குந்திக்குமா மாமு?"

"கலெக்டரு கேப்பாருடா. நீ வலையத் தூக்கு."

"கலெக்டரு வூட்ல ரேடியோ கீதா?"

4

காலை ஆறேமுக்காலுக்குச் செய்தி. ஏழேகாலுக்குக் கடல் காற்று அறிவிப்பு. எட்டரைக்கு முழங்கால் வலி பற்றி ஒரு டாக்டர். பத்து மணிக்கு நதிகளைத் தாயாகப் போற்றுவது பற்றி ஒரு பேராசிரியர். முழு அரை மணி நேரம். அவர் நதி என்று சொல்லும்போதெல்லாம் குமாரவேல் தலையாட்டினார். அடுத்து வருவது தன் குரல்தான் என்று இருந்தார். அடுத்து வந்தது வருமான வரி. மத்தியானம் நாடகம். அதில் ஒரு மீனவன், எந்தக் குப்பத்திலும் பேசாத பேச்சில் கடல் அன்னையைக் கூப்பிட்டுக்கொண்டே இருந்தான்.

அம்மா அங்கம்மா சோற்றுத் தட்டோடு கொட்டகைக்கு வந்தாள். "காத்தாலேர்ந்து அது மூஞ்சியவே பாத்துகினு கீறியே. ரெண்டு வாய் துன்னு."

"சத்தம் போடாத. வந்துகினு கீது."

"இன்னா, ரயிலா?"

வானொலியிலும் பாடு உண்டு என்று அன்றுதான் மோகனப்ரியாவுக்குப் புரிந்தது. எங்கள் வரிசையை ஊர் கூடிக் கட்டியது. அந்த வரிசையைக் கட்டியது யார்? தாய் நதிக்கு அரை மணி கொடுத்தவர், சாம்பல் நதிக்கு எவ்வளவு

(வாக்கியம் முடியவில்லை. பேனா தாளைக் கிழித்துவிட்டது.)

5

நாலரைக்கு 'ஊர் ருசி'. "நெட்டுக்குப்பம் குமாரவேல் சொல்கிறார்" என்றது ஒரு குரல். கேட்பதற்காகக் கொட்டகையில் கூடியிருந்த குப்பத்துக்காரர்கள் எழுந்தே நின்றார்கள்.

"புளிய கட்டியா கரைச்சி ஊத்தணும். எறாவ கடைசியாத்தான் போடணும். மொதல்லியே போட்டா ரப்பரு."

ஐம்பது நொடி. பிறகு வேலைவாய்ப்புச் செய்திகள்.

தீபன் அப்போதுதான் கூடையோடு கரையேறி வந்திருந்தான். "மாமு, கொழம்பு சூப்பரு. எறாதான் இல்ல" என்று கூடையைக் கவிழ்த்தான். கறுத்த சேறு அப்பிய நாலு நண்டு விழுந்தது. எல்லாரும் சிரித்தார்கள். குமாரவேல் ரேடியோவையே பார்த்துக்கொண்டிருந்தார், மீதி வரும் என்பதுபோல.

6

இங்கே நிறுத்தி, எழுதியதைப் படித்துப் பார்த்தேன். இதுவரை குழம்புப் பேச்சுக்கு எத்தனை வரி, சாம்பல் பேச்சுக்கு எத்தனை வரி என்று நீங்களே எண்ணுங்கள். எழில்மொழியைத் திட்ட உட்கார்ந்த நானும் அவர் கத்தரியைத்தான் பிடித்திருக்கிறேன். அந்த நாற்பது நிமிடத்துக்கு நான் கொடுத்தது ஒரே வரி. என்மேலேயே ஆத்திரமாக வருகிறது. ஆகையால் இதோ, குமாரவேல் பேசியது, நினைவிலிருந்து. (எழுதி வைத்த நோட்டு இப்போது என்னிடம் இல்லை. ஏன் என்று சொல்கிறேன்.)

"இடுப்புக்கு மேல நின்ன தண்ணி மேடம், இப்ப முட்டிக்குக் கீழ. தண்ணி எங்கயும் போவல. அடியில சாம்பலு ஏறிக்கீது. வலைய இழுத்தா கனக்கும். மீனுன்னு நெனச்சி இழுப்பேன். சாம்பலு. எத்தினி வாட்டி ஏமாந்துகீறேன் தெரியுமா? கரண்டு உங்க வூட்டுக்கு வருது. அந்த அடுப்பு சாம்பல எங்க சட்டியில கொட்டறாங்க. ஏன்னு யாராச்சும் கேளுங்க. இத்த மட்டும் வெட்டாம போடுங்க."

7

முடிவு ஒன்று: குமாரவேல் ரேடியோவைப் போட்டு உடைத்தார். (அடித்தாயிற்று. அது தீபனுடைய ரேடியோ.)

முடிவு இரண்டு: எழில்மொழி மன்னிப்புக் கேட்டு… (அவர் ஃபோனையே எடுக்கவில்லை.)

நடந்தது இதுதான். மோகனப்ரியா வீட்டுக்கு ஓடி, அரிசி டின்னுக்குப் பின்னாலிருந்து நோட்டை எடுத்துவந்தாள். பதிவு நடந்த அன்றே எல்லாவற்றையும் அதில் எழுதி வைத்திருந்தாள். கொட்டகை நடுவில் நின்று படித்தாள். சிரிப்பு அடங்கியது. தீபன் நண்டுகளைப் பொறுக்கிக் கூடையில் போட்டுவிட்டு உட்கார்ந்தான். கடைசி வரியைப் படித்துவிட்டு, "கொழம்ப பத்தி அந்தம்மாகிட்ட சொன்னது நான்தான் நைனா" என்றாள்.

'நான்' என்று வாயால் சொல்லிவிட்டேன். இனி எழுதலாம்.

கொட்டகைக்கு இடப்பக்கம் ஆறு. அன்றைக்கு அது தீபனின் பாடு. அப்பா இறங்கக் கூடாது. வலப்பக்கம் பஸ் ரோடு. அதில் போனால் கலெக்டர் ஆபீசும் வரும், வானொலி நிலையமும் வரும். அவர் எந்தப் பக்கம் திரும்பினார் என்று எனக்குத் தெரியும், எழுத மாட்டேன். நீங்கள் நாற்பது நிமிடத்தில் ஒரு நிமிடமாவது கேட்டீர்கள். எந்தப் பக்கம் என்று நீங்கள் சொல்லுங்கள்.

அப்பா என் கையிலிருந்து நோட்டை வாங்கினார். அட்டையில் இருந்த சாம்பலை லுங்கி ஓரத்தால் துடைத்தார். சட்டைக்குள் செருகிக்கொண்டார்.

"எங்க போற?" என்றாள் அம்மா.

அப்பா சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டே கொட்டகையை விட்டு வெளியேறினார்.